கட்டிலுக்கு அடியில் பச்சை வெளிச்சம்

கட்டிலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். அதற்குள் யாரோ நிமிர்ந்து நின்றிருந்த மாதிரி இரண்டு பாதத் தடங்கள் இருந்தன.

தூசி இழுக்கும் புது மெஷினைக் கட்டிலுக்கு அடியில் நுழைத்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். மழை மூட்டத்தில் அறை இருண்டு கிடக்க, மெஷினின் வாயிலிருந்த பச்சை விளக்கு தரையோடு தரையாகப் படர்ந்து, கண்ணுக்கே தெரியாத தூசியையெல்லாம் மணல் மாதிரி எழுப்பிக் காட்டியது. தலைமுடி, பென்சில் சீவல், செத்த எறும்பு. அதற்கெல்லாம் அப்பால், சுவரோரத்தில், சாம்பல் நிறப் பொடியில் அச்செடுத்தது போல அந்தப் பாதங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. விரல் நுனிகள் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

"அப்பா, இங்க வந்து பாருங்களேன்."

அப்பா எட்டிப் பார்த்தார். குனியவில்லை. "உன் கால் தடமாத்தான் இருக்கும், மகாராணி. கழுவிட்டு உள்ள வான்னு எத்தனை தடவை சொல்றது?"

"கட்டிலுக்கு அடியில நான் எப்படிப்பா நிப்பேன்?"

"அதை நீதான் சொல்லணும்."

இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து தம்பிக்கு இழுப்பு. பத்து வயது, எலும்பும் தோலும். காற்றடித்தால் பறந்துவிடுவான் என்று அவள் வைத்த பெயர் கொசு. துடைப்பம் போட்டால் தூசி பறக்கும், வேக்கும் கிளீனர் வாங்குங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைக்காரர் வயர் இல்லாத மெஷின் இரண்டைக் கொண்டுவந்து வைத்து, ஓட்டிப் பார்த்துவிட்டுக் காலையில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார். பச்சை விளக்கு வைத்தது நன்றாக இழுக்கும், ஆனால் சார்ஜ் சீக்கிரம் தீரும். வெள்ளை மெஷினில் விளக்கு கிடையாது. ஆனால் சார்ஜ் நெடுநேரம் நிற்கும்.

எதை வைத்துக்கொள்வது என்று அன்று முழுக்க வீட்டில் சண்டை.

"தரையைக் கூட்டுறதுக்கு லைட் எதுக்கு? தூசி என்ன உன்கூடக் கண்ணாமூச்சியா ஆடுது?" என்றார் அப்பா.

"கூட்டப் போறது நீங்களா?" அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "அவதானே கூட்டணும். அவளே சொல்லட்டும். அப்புறம் கை வலிக்குது கால் வலிக்குதுன்னு என்கிட்ட வரக் கூடாது, ஆமா."

யாரும் நம்பப் போவதில்லை என்று தெரிந்ததும் அவள் விசையை முழு வேகத்தில் அழுத்தி அந்தத் தடங்களை இழுத்தாள். பொடி குழாய்க்குள் சரசரவென்று ஏறியது. தூசி டப்பாவைத் தொட்டால் லேசான சூடு. ஈரத் துணியை மூடிவைத்தது போல ஒரு புழுங்கல் வாடை. அந்த நேரத்தில் கட்டில்மேல் தம்பியின் மூச்சு இளகியது. காலையிலிருந்து நெஞ்சுக்குள் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த சத்தம், யாரோ கையை எடுத்துவிட்டது போல நின்றது.

"அக்கா," என்றான், "இப்போ கனமா இல்ல."

அவள் முடிவு செய்துவிட்டாள். பச்சை விளக்கு மெஷின்தான். சார்ஜ் தீர்ந்துபோயிருந்ததால் ஹாலில் பிளக்கில் மாட்டினாள்.

சாயங்காலம் தம்பியின் மருந்தும் தீர்ந்திருந்தது. அப்பா தனியாகப் போனால் போன தடவை மாதிரி இருமல் மருந்தைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று அம்மாவும் கூடவே கிளம்பினாள். அப்பா வழக்கம்போல வீடு முழுக்க ஒரு சுற்று வந்து ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார்.

"என் மூச்சையும் அணைச்சிட்டு வாங்க," என்றாள் அம்மா வாசலில் நின்று. கதவு மூடிக்கொண்டது. மழைக்குள் ஸ்கூட்டர் சத்தம் கரைந்தது.

வீடு அமைதியானது. ஃப்ரிட்ஜின் முனகல், பால்கனித் தகரத்தில் விழும் சொட்டு, எங்கோ மேல்மாடியில் நாற்காலி இழுபடும் ஓசை. இவற்றுக்கு அடியில், நூல் மாதிரி மெல்லியதாக, தம்பியின் இழுப்பு மறுபடி தொடங்கியிருந்தது.

அவள் அறைக்குள் போய் லைட்டைப் போட்டாள். டியூப்லைட் வெளிச்சத்தில் தரை பளிச்சென்று இருந்தது. ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தப் புழுங்கல் வாடை இருந்தது. இருட்டினால்தான் பச்சை விளக்கு காட்டும். அதைப் பார்க்க வேண்டுமானால் லைட்டை அணைக்க வேண்டும்.

ஹாலுக்கு ஓடி மெஷினை எடுத்தாள். பிளக் மாட்டியபடியே இருந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது.

போனில் அப்பாவின் குரலைவிட மழைதான் சத்தமாகக் கேட்டது. "ஆமா, நான்தான் ஆஃப் பண்ணேன். ஆளில்லாதப்ப சார்ஜ் போடக் கூடாது."

"நான் வீட்டுலதானேப்பா இருக்கேன்! அவனுக்கு இழுக்குது, சீக்கிரம் வாங்க."

"கடையில நிக்கிறோம். நிமிர்ந்து உக்கார வை, வந்துடறோம்." வைத்துவிட்டார்.

பேட்டரியில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. பச்சை விளக்கு மெஷினை ஒரு கையிலும் வெள்ளை மெஷினை மறு கையிலும் எடுத்துக்கொண்டாள். ஒன்றின் வெளிச்சத்தில் பார்த்து, மற்றதால் இழுக்கலாம். அறை லைட்டை அணைத்தாள்.

பச்சை தரையில் பரவியது.

கட்டிலுக்கு அடியில் இப்போது பாதங்கள் இல்லை. வெளியே வந்திருந்தன. சுவரோரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாத நடையில், கட்டிலைச் சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்கு. கடைசித் தடங்கள் இரண்டும் சேர்ந்து நின்றன. தம்பியைப் பார்த்து.

வெள்ளை மெஷின் இரைந்தது. ஒரு தடம் போனது. இன்னொன்று. பொடி குழாயில் சரசரத்தது. வியர்வை கண்ணில் வழிந்தது. சீக்கிரம். சீக்கிரம். தலைமாட்டில் இருந்த இரண்டும் போயின. தரை சுத்தம்.

இழுப்பு நிற்கவில்லை.

இன்னும் மோசமானது. ஒவ்வொரு மூச்சும் கதவு இடுக்கில் மாட்டிய துணி மாதிரி கிழிந்து வந்தது. பச்சை விளக்கு ஒருமுறை நடுங்கியது. அணைந்தது.

இருட்டு.

"கொசு, எழுந்திரு. ஹாலுக்குப் போயிடலாம்."

வெள்ளையை அணைக்காமலே இரண்டு மெஷினையும் கீழே போட்டாள். அவனுடைய தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். தினமும் விளையாட்டாக இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிறவன்தான்.

அசையவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினாள். கட்டில் பலகைதான் முனகியது. மெத்தை அவனோடு சேர்ந்து கீழே போயிருந்தது. அவனுக்கு அத்தனை கனம் கிடையாது.

கால் தடுக்கியதில் சார்ஜ் செத்த பச்சை விளக்கு மெஷின் உருண்டது. அதை எடுத்தாள். வாயைத் தரைக்கு வைக்காமல் கட்டிலுக்கு நேராக உயர்த்தினாள். விசையை அழுத்தினாள். ஒன்றுமில்லை. மறுபடி.

ஒரு மினுக்கு.

தம்பியின் கண்கள் திறந்திருந்தன. வாயும். நெஞ்சுவரை இழுத்துப் போர்த்திய நீலப் போர்வையின்மேல், சாம்பல் நிறத்தில், அருகருகே இரண்டு பாதங்கள். அந்த இடத்தில் போர்வை குழிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது குதிகால் மெல்ல எழுந்தது. கனம் முழுவதும் வலது பாதத்துக்கு மாறியது. குழி இன்னும் ஆழமாகப் போனது.

விளக்கு அணைந்தது.

இழுப்பு நின்றது.

அவள் காலடியில் வெள்ளை மெஷின் மட்டும், தீராத சார்ஜோடு, வெறும் தரையை இழுத்துக்கொண்டே இருந்தது.