பரிசோதகர் முகம் சோற்றுக்குள்

பரிசோதகர் கோகுலன் சாப்பாட்டு மேசையில் சரிந்து கிடந்தார்.

முகம் சோற்றுக்குள். கையில் பாதிக் கத்தரிக்காய்...

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள் இராசேஸ்வரி. நாடி அகப்படவில்லை. பதற்றத்தில் எந்த இடத்தில் பிடிப்பது என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று!

மாங்குளத்துக்குக் கிட்ட இருந்த அந்த முதியோர் இல்லத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். கோகுலன் காலையில் வந்ததே சமையல்காரரின் தகைமையைப் பரிசோதிக்கத்தான். சமையல்காரன் சங்கிலிக்குப் போசாக்கு டிப்ளோமா இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை. சங்கிலி எட்டாம் வகுப்பு. பதினொரு வருடமாக இருபத்திரண்டு பேருக்குச் சமைக்கிறவன். யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குப் பல்லில்லை, எல்லாம் மனப்பாடம்.

இன்றோடு அவனை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதினார் கோகுலன். எழுதிவிட்டு, அவன் சமைத்ததையே சாப்பிட உட்கார்ந்தார்.

இரண்டு வாய்தான் போனது.

இராசேஸ்வரி அம்புலன்சுக்கும் பொலிசுக்கும் போன் அடித்தாள். முந்தி வந்தது பொலிஸ். சார்ஜன்ட் ஜனகன் சோற்றுக் கோப்பையை முகர்ந்தார். சமைத்தது யார் என்று கேட்டார்.

மண்டபத்தில் இருந்த முதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எண்பத்துநாலு வயதுக் கனகலிங்கம் பொல்லை ஊன்றி எழும்பினார்.

"நான்தான் தம்பி நஞ்சு வைச்சனான்."

"பொய். உவருக்குக் கண்ணே தெரியாது. வைச்சது நான்," என்றார் பக்கத்து நாற்காலி விமலேஸ்வரி.

மேலும் இரண்டு கைகள் உயர்ந்தன! ஒருவர் எலிப்பாஷாணம் என்றார். மற்றவர் வயலுக்கு அடிக்கிற மருந்து என்றார். எது என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. சார்ஜன்ட் வரிசையில் நிற்கச் சொல்லி நாலு வாக்குமூலமும் எழுதினார்.

சங்கிலியைக் காப்பாற்றத்தான் இந்தப் போட்டி. இராசேஸ்வரிக்குக் கண் கலங்கியது. ஐந்தாவதாகத் தானும் போய் நிற்கலாமா என்று யோசித்தாள்.

அப்போதுதான் விடைபெற உடுப்புப் பையோடு பின்கதவால் வந்தான் சங்கிலி. நடந்தது ஒன்றும் அவனுக்குத் தெரியாது. கோகுலனைக் கண்டதும் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கழுத்தைத் தொட்டான். குளிர்ந்த வியர்வை.

"ஐயாவுக்கு உசிரு இருக்குங்க. காலையிலயே பசியோட இன்சுலின் ஊசி போட்டுக்கிட்டாரு போல. இங்க தாத்தாங்களுக்கும் இப்படி வர்றதுதான். சீனி எறங்கிடுச்சு."

குசினியிலிருந்து சீனி எடுத்து வந்து, கோகுலனைச் சரித்துப் படுக்க வைத்து, வாயைத் திறந்து பல் முரசில் தேய்த்தான்.

ஒரு நிமிடம்... ஐந்து நிமிடம்...

பிணம் இருமியது!

கோகுலன் கண் திறந்தார். முதலில் தெரிந்தது காக்கிச் சட்டை. முகம் வெளிறிவிட்டது.

"சேர்... கண்டுபிடிச்சிட்டியளோ? ஓம், என்ரை டிப்ளோமா கள்ளம்தான். கொம்பியூட்டரிலை நானே அடிச்சது..."

சார்ஜன்ட் ஜனகன் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினார்.

இராசேஸ்வரி மேசையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். சங்கிலியிடம் அகப்பையை நீட்டினாள்.

அம்புலன்ஸ் வந்தது. கோகுலனை ஏற்றினார்கள். சார்ஜன்ட்டும் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

விமலேஸ்வரி வாசல்வரை வந்தார்.

"தம்பி, ஜெயிலிலை சமைக்கிற பொடியளை முதலே எச்சரிச்சு வையுங்கோ. இவர் உள்ளுக்கை போனவுடனை டிப்ளோமா கேப்பார்."