சர்வரில் இரண்டாவது பெயர்

பட்டியலில் இரண்டு பெயர்கள் இருந்தன. முதலாவது ரைமோவினுடையது. இரண்டாவது பெயரைப் போன திங்கட்கிழமை அவனே தன் கையால் அழித்திருந்தான்.

நீர் வழங்கல் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், சர்வர் அலமாரியின் விசிறிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த அந்தச் சின்ன அறையில், ஆறிப்போன காப்பியின் வாசனைக்கும் சூடேறிய தூசியின் வாசனைக்கும் நடுவே உட்கார்ந்து அவன் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தான். என்சியோ. இணைப்பில் இருக்கிறார். சும்மா இருக்கும் நேரம்: பூஜ்யம். அதாவது, இந்த நொடியில் யாரோ விசைகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மதியம் மணி இரண்டரை. வெளியே இருட்டி ஒரு மணி நேரமாகிவிட்டது. டிசம்பரில் இந்த வடகோடி ஊரில் பகல் என்பது அவ்வளவுதான்.

போன் அடித்தது. சிர்க்கா. தொட்டிகளையும் பம்புகளையும் வீட்டிலிருந்தபடியே சர்வருக்குள் நுழைந்து கவனிப்பவள்.

"ரைமோ, உள்ள போக முடியல. இடமில்லங்குது. யாரு உட்காந்திருக்கா?"

"யாருமில்ல. ஏதோ கோளாறு."

"நான் தொட்டி மட்டம் பாக்கணுமே. நீயாவது ரெண்டு நிமிஷம் வெளிய வாயேன்."

"நான் வெளிய வந்தா யாரு சரி பண்றது? உன் பூனையா?"

"பூனைக்கு உன்னைவிடப் பொறுமை ஜாஸ்திதான்." அவள் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "என்சியோ இருந்தா கேட்டுட்டுத்தான் ஆளை வெளிய வரச் சொல்லுவான். 'முடிச்சாச்சா சிர்க்கா, அவசரமில்ல'ன்னு ஒரு வரி போடுவான். சாயங்காலம் அவனுக்கு மெழுகுவர்த்தி ஏத்தப் போறேன். நீயும் வாயேன்."

"வேலை இருக்கு." போனை வைத்தான்.

அந்த சர்வரில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். முறையாக வெளியேறாமல் திரையை மட்டும் மூடிவிட்டுப் போனால், போனவரின் இடம் காலியாகாது. அவர் உள்ளேயே இருப்பதாக சர்வர் நினைத்துக்கொள்ளும். இதைச் சொல்லிச் சொல்லி ரைமோவுக்கு நாக்கு வறண்டுவிட்டது. வேலை முடிஞ்சா வெளியேறுங்க என்று கொட்டை எழுத்தில் எழுதி, நான்கு ஆச்சரியக்குறி போட்டு, மாடியில் ஒட்டினான். அதன் கீழே சிர்க்கா சிரிக்கிற முகம் ஒன்றை வரைந்துவைத்தாள். அவன் அதைக் கிழித்துவிட்டு, சிரிக்காத தாள் ஒன்றை ஒட்டினான்.

இரண்டாவது பெயரைத் தேர்ந்து, வெளியேற்று என்பதை அழுத்தினான். பெயர் மறைந்தது. மூச்சு விட்டான்.

பெயர் திரும்பி வந்தது. பக்கத்தில், இணைந்த இடமும் இருந்தது: ஊருக்கு வெளியே, பம்பு இருக்கும் மேட்டுக் கிணற்றறை.

கழுத்திலிருந்து காதுவரை சூடு ஏறியது. யாரோ விளையாடுகிறார்கள். யாருக்கோ தெரிந்திருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலையும் இப்படித்தான். சர்வரில் ஒரு திருத்தம் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பவேண்டும். அதற்கு உள்ளே யாரும் இருக்கக்கூடாது. என்சியோவின் பெயர் மட்டும் நின்றது. மறுபடியும் மூடிட்டுப் போயிட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு துரத்தினான். திரும்பி வந்தது. துரத்தினான். வந்தது. மூன்றாவது முறை துரத்தியதோடு கடவுச்சொல்லையும் முடக்கிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போனான். என்ன வேணும் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். அதற்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஞாயிறு காலை, ஆலய மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, என்சியோவைக் கிணற்றறைக்குள் கண்டெடுத்தார்கள். ஹீட்டரைப் பழுது பார்க்கப் போனவன். இரும்புக் கதவின் உள்பக்கக் கைப்பிடி குளிரில் ஒடிந்திருந்தது. போன் செத்திருந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று. அந்த அறையில் வேலை செய்துகொண்டிருந்தது பழைய கணினி ஒன்றுதான். அதிலிருந்து போகக்கூடிய ஒரே இடம் இந்த சர்வர். விசைப்பலகையில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான் என்று சிர்க்கா அழுதுகொண்டே சொன்னாள். ரைமோ கீழ்த்தளத்துக்கு இறங்கினான். முதலில் அந்த மாலையின் பதிவுகளை அழித்தான். பிறகு, போன திங்கட்கிழமை, பெயரை.

இப்போது மறுபடி துரத்தினான். இந்த முறை பெயர் உடனே வந்தது.

"இருடா, வர்றேன்" என்றான் திரையிடம். கோட்டை மாட்டிக்கொண்டு, எதையும் மூடாமல், மாடிப்படி அதிர ஏறினான்.

காரைக் கிளப்பும்போது சிர்க்கா மறுபடி அழைத்தாள். "வண்டிச் சத்தம் கேக்குதே. இந்தக் குளிர்ல எங்க போறே? நானும் வரட்டுமா? பிளாஸ்க்ல காப்பி கொண்டுவர்றேன்."

"வேண்டாம்."

"சரி, எங்க போறேன்னாவது சொல்லிட்டுப் போ."

"நீ என்ன என் அம்மாவா?" துண்டித்தான்.

கல்லறைத் தோட்டத்தைக் கடக்கும்போது பனிக்குள் மெழுகுவர்த்திகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஊர் விளக்குகள் பின்னால் தேய்ந்து, பைன் மரங்கள் பாதையை நெருக்கி, சக்கரங்களின் அடியில் பனி நறநறவென்று அரைபட, யாரைப் பிடித்தாலும் என்ன கேட்பது, எப்படிக் கத்துவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே மேடேறினான்.

கிணற்றறை வாசலில் காலடித் தடமே இல்லை.

பூட்டைத் திறந்தான். கதவு மூடாமலிருக்க, காரிலிருந்த பனி மண்வெட்டியை அடியில் முட்டுக்கொடுத்தான். உள்ளே துருவின் வாசனை, ஈரச் சிமெண்டின் வாசனை, அவற்றுக்கு அடியில் நனைந்த கம்பளியின் வாசனை. பம்பு தரைக்குக் கீழே முனகியது. ஆள் இல்லை. கணினித் திரை இருண்டு கிடந்தது. அதன் மின்கம்பி பிடுங்கப்பட்டுத் தரையில் நீண்டிருந்தது. நாற்காலி மட்டும் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

மண்வெட்டி வழுக்கிய சத்தம் கேட்டது.

கதவு சாத்திக்கொண்டது.

கைப்பிடி புதியது, இரண்டு வாரத்துக்கு முன் போட்டது. பிடித்துத் திருப்பினான். சுற்றியது. எதையும் பற்றாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. உதைத்தான். தோளால் இடித்தான். சிர்க்காவை அழைக்கப் போனை எடுத்தான். அது ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தது. புது ஹீட்டரைப் போட்டான். டிக் என்றது. அவ்வளவுதான்.

மூச்சு புகையாய் நின்றது.

கணினிக்கு மின்சாரம் கொடுத்தான். மெதுவாக விழித்தது. விரல்கள் ஏற்கெனவே மரத்திருந்தன. சர்வருக்குள் நுழைந்தான். இடம் கிடைத்தது. சிர்க்காவின் பெயருக்கு ஒரு செய்தி.

சிர்க்கா, மேட்டுக் கிணற்

திரை வெறுமையானது. நிர்வாகி உங்களை வெளியேற்றினார்.

அலுவலகத்தில் நிர்வாகி ஒருவன்தான். அவன் இங்கே இருந்தான்.

மறுபடி நுழைந்தான். சிர்க்கா, கதவு

நிர்வாகி உங்களை வெளியேற்றினார்.

"டேய்! யாருடா அது?" சுவர்கள் அந்தக் கத்தலை வாங்கி வைத்துக்கொண்டன.

மூன்றாவது முறை. இப்போது அவன் எழுதவில்லை. முதலில் பட்டியலைத் திறந்தான். அலுவலகத்தின் கீழ்த்தளக் கணினியில் ரைமோ இருந்தான். அவன்தான் வெளியேறாமல் வந்துவிட்டானே. ஆனால் சும்மா இருக்கும் நேரம்: பூஜ்யம்.

அடுத்தவர் திரையைப் பார்க்க நிர்வாகிக்கு வழி உண்டு. அதை அழுத்தினான்.

கீழ்த்தளத் திரை விரிந்தது. அங்கேயும் அதே பட்டியல். இரண்டு பெயர்கள். முதலாவது ரைமோ. இரண்டாவது, மேட்டுக் கிணற்றறையிலிருந்து வந்திருக்கும் பெயர்.

என்சியோ.

அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது. பொறுமையில்லாமல், வெட்டி வெட்டி. வீட்டுக்குப் போகிற அவசரத்தில். அந்த அசைவை அவனுக்குத் தெரியும். அந்தக் கை அவனுடையது.

செய்திப் பெட்டியைத் திறந்தான். சிர்க்காவுக்கு அல்ல.

ரைமோ, ஒரு வரி கேளு. என்ன வேணும்னு ஒரே ஒரு வரி

அம்புக்குறி நின்றது. ஒரு கணம், படிப்பதுபோல.

பிறகு இரண்டாவது பெயரின் மேல் வந்தது. சின்னப் பட்டியல் ஒன்று விரிந்தது. வெளியேற்று என்பதைத் தாண்டி, கீழே இறங்கி, கடவுச்சொல்லை முடக்கு என்பதன் மேல் வந்து நின்றது.