முத்துக்குமாருவின் குழாய்

"ஐயா, ஆரோ ஒராளின்ரை குடலிலை இரத்தம் கசியுது. ஆரெண்டுதான் தெரியேல்லை."

ஓய்வுபெற்ற தபாலதிபர் சோமசேகரத்தின் வீட்டுக்கு வந்த சுகாதாரத் தாதி தர்சினி இப்படித்தான் தொடங்கினாள். அவளுடைய பிரிவில், அறுபது கடந்தவர்களுக்குக் குடல் புற்றுநோயை நேரத்தோடு கண்டுபிடிக்க அரசாங்கம் ஓர் இலவசச் சோதனை கொண்டுவந்திருந்தது. குடலுக்குள் கமரா விடத் தேவையில்லை. வீட்டிலேயே சின்னக் குழாயில் சிறிது மலம் எடுத்துக் கொடுத்தால் போதும். அளவெட்டிக் கிராமத்து முத்துக்குமாருவின் குழாயில் இரத்தம் இருந்தது. பிறகு ஆஸ்பத்திரியில் கமரா விட்டுப் பார்த்தால் மனிதருக்கு ஒன்றுமேயில்லை.

"ஆஸ்பத்திரியிலை இவரின்ரை ஃபைலை மூடச் சொல்லுகினம். எனக்கு மனம் கேக்குதில்லை."

"ஆய்வுகூடத்திலை மாறிப்போச்சு!" என்றார் ஓட்டோக்கார ஜெறோம். கொழும்புத்துறைக் கத்தோலிக்கர், யாரையாவது சந்தேகப்படாமல் அவருக்குத் தேத்தண்ணீர் இறங்காது.

"இரண்டுதரம் பாத்தாச்சு அண்ணை. பேர் சரி. குழாயிலை எடுத்த திகதி ஒக்டோபர் இருபத்திநாலு. அவரின்ரை மனுசி பத்மாசினியின்ரை குழாய் இருபத்திமூண்டு, அதிலை ஒண்டுமில்லை. இருபத்தைஞ்சாந்திகதி நானே வீட்டை போய் இரண்டையும் மனுசியிட்டை வாங்கினன்."

சோமசேகரம் எழுந்து சட்டையை மாட்டினார். "ஓட்டோவை எடும் ஜெறோம்."

அளவெட்டியில் முத்துக்குமாரு உற்சாகமாக இருந்தார். "எனக்கென்ன வருத்தம்? என்ன குழாயோ, மனுசி போகச் சொன்னா, போய்க் கமராவும் விட்டாச்சு. முப்பது வருசமாக் கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறன். ஆறுநாளும் கோயிலிலைதான் படுக்கை. ஏழாம்நாள் பாரணை முடிச்சுத்தான் வீட்டுப் படலை திறப்பன்."

பத்மாசினி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். சோமசேகரம் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒக்டோபர் இருபத்திரண்டிலிருந்து ஆறு நாளுக்குச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது.

"ஜெறோம், கடிதத்திலை அனுப்பினவர் பேர் ஆரும் எழுதலாம். நாங்கள் முத்திரைத் திகதியைத்தான் பாப்பம். இருபத்திநாலு இவர் கோயிலிலை. வீட்டிலை இருந்தது ஆர்?"

பத்மாசினி தட்டத்தை மேசையில் வைத்தார்.

"இவர் குடுக்காட்டி இவரின்ரை முறை போயிடுமெண்டு... ஒரு உலையிலை வைச்சதைத்தானே இரண்டுபேரும் தின்னுறம், வித்தியாசம் இராதெண்டு அதையும் நானே குடுத்திட்டன்."

"இரத்தம் எண்டு சொன்னவுடனை ஏன் அம்மா சொல்லேல்லை?" தர்சினி கேட்டாள்.

"எனக்கு இருந்தால் இவருக்கும் இருக்கும்தானே பிள்ளை. முதல் இவரைப் பாக்கட்டும் எண்டு விட்டன்."

"அப்ப அம்மாவின்ரை மற்றக் குழாயிலை ஏன் இரத்தமில்லை?" ஜெறோம் விடவில்லை.

"கசிவு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இராது அண்ணை." தர்சினி பத்மாசினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்பிடாதேங்கோ அம்மா. நேரத்தோடை பாத்தால் சுகப்படுத்தலாம். புதன்கிழமை கமரா. முதல்நாள் சாப்பாடு கூடாது."

முத்துக்குமாரு சத்தம் போடுவார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவர் சால்வையால் கண்ணைத் துடைத்தார்.

"செவ்வாய்க்கிழமை எனக்கும் ஒண்டும் வைக்காதை, பத்மா," என்றார். "எங்களுக்கு ஒரு உலைதானே."