கடைசிக் குளியலறையின் பொத்தான்

சமையல் மேடைக்கு அடியில் பம்ப் முனக ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்த பிளம்பர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான். மத்தியான வேளை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு ஆளில்லை. அந்தப் பம்பை ஓட்ட ஒரே ஒரு பொத்தான்தான் உண்டு, அதுவும் வீட்டின் கோடியில், அக்காவின் குளியலறையில். அக்கா போய் இரண்டு மாதமாகிறது. அறையைப் பூட்டிச் சாவியை அவனே வைத்திருந்தான்.

சுடுதண்ணீர் வர நேரமாகிறது என்றால் ஊரே அவனைத்தான் கூப்பிடும். குழாயில் ஆறிக் கிடக்கும் தண்ணீரை ஹீட்டருக்கே திருப்பி இழுத்து, சூடான தண்ணீரைக் கடைசிக் குழாய்வரை தள்ளிவிடும் சின்னப் பம்ப்; அரைநாள் வேலை. எத்தனையோ வீடுகளுக்கு மாட்டியவன், அக்காவுக்கு மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வருடம் கடத்தினான். தாயில்லாத வீட்டில் அவனைக் குளிப்பாட்டித் தலை துவட்டி ஆளாக்கியவள் அவள்.

"எவ்வளவு நேரம்டா நிக்கிறது? காலெல்லாம் விறைச்சுப் போகுது" என்று அவள் சொன்ன காலையில், வேலைக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில் ஹீட்டரின் சூட்டைக் கூட்டும் திருகைக் கடைசிவரை முறுக்கிவிட்டுக் கிளம்பினான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படியும் வெதுவெதுப்பாகத்தானே வரும் என்று அவள் வழக்கம்போல ஷவருக்கு அடியிலேயே நின்றிருந்தாள். கொதிக்கிற தண்ணீர் அப்படியே அவள்மேல் கொட்டியது.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்ததும் முதல் வேலையாகத் திருகைப் பழையபடி வைத்தான்.

"ஹீட்டர்ல எதையாவது மாத்தினீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"நான் ஏன் மாத்தப்போறேன்? அக்காதான் பச்சைத்தண்ணியைத் திறக்க மறந்திருக்கும்."

பழி, சாகக் கிடந்தவள் தலையில் விழுந்தது. அவள் போன மறுவாரம்தான் பம்பை மாட்டினான். இனி யாருக்கு என்று மனைவி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது.

இப்போது குனிந்து பம்பின் பிளக்கைப் பிடுங்கினான். முனகல் நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தான், மேடைக்கு மேலே சுவரில் இருந்த ஹீட்டரின் திருகு கடைசிவரை முறுக்கியிருந்தது.

சுவரோரம் ஓடும் குழாயில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்தான். அவன் கை படும் இடமெல்லாம் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது, கூடத்தைத் தாண்டி, படுக்கையறையைத் தாண்டி, வெளிச்சம் எட்டாத நடைக்குள். சோப்பு வாசனை வந்தது. அதற்கடியில் இன்னொரு வாசனை. தீப்புண்ணுக்குத் தடவுகிற களிம்பு.

பூட்டு திறந்து தொங்கியது.

சாவி அவன் பையில்தான் இருந்தது.

கதவைத் தள்ளினான். ஒரே ஆவி. வாளி நிறையும் சத்தம்.

"வந்துட்டியா தம்பி? பம்ப் நல்லா இருக்குடா. அமுக்கினதும் வந்துடுது."

அவளிடம் பொய் சொல்ல முடியாது. சின்ன வயதிலிருந்தே முடிந்ததில்லை.

"நான்தான்க்கா கூட்டி வச்சேன். நான்தான்."

"தெரியும்டா. சட்டையைக் கழட்டு."

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. ஆவி மெல்ல விலகியது. சின்ன வயதில் அவனுக்குத் தண்ணீர் பதம் பார்ப்பாளே, அதேபோல அக்கா குனிந்து, கொதிக்கிற வாளிக்குள் முழங்கையை விட்டு எடுத்தாள். தோல் தண்ணீரிலேயே தங்கிவிட்டது.

"பதமாத்தான் இருக்கு" என்று சொல்லிச் சொம்பை நிரப்பினாள்.