எச்சில் பட்ட உதடு

இரண்டாவது பாட்டில் தண்ணீரும் தீர்ந்துவிட்டது. அவள் நாக்கு மட்டும் நனையவேயில்லை.

பழைய ஓவியங்களைத் துடைப்பது அவள் பிழைப்பு. எண்ணெய்ச் சாயத்தில் ஏறிய புகையழுக்குக்கு மருந்து எத்தனை இருந்தாலும் முகத்துக்கு எச்சில்தான். குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு, நகத்தளவு நகத்தளவாக உருட்ட வேண்டும். விலைமதிப்புள்ள படங்கள் என்பதால் கிடங்கின் இரும்புக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். கைபேசியும் காவலரிடம். ஐந்து மணிக்கு வந்து திறப்பார். நாளையிலிருந்து மூன்று நாள் விடுமுறை.

படத்தில் ஒரு முதலாளியம்மா. கன்னம் துலங்கத் துலங்க, வரைந்தவன் கையை மெச்சாமல் இருக்க முடியவில்லை. தள்ளி நின்றால் தோல். கிட்டே போனால் மங்கிய பச்சையின்மேல் இளஞ்சிவப்பு, அதன்மேல் தூரிகை மயிர் கீறிவிட்ட மஞ்சள். கீழுதட்டில் ஒரே இழுப்பில் செந்தூரம், நடுவில் ஈரம் மின்னுவதுபோல ஒரு வெள்ளைப் பொட்டு. அந்த உதட்டைத்தான் காலையிலிருந்து துடைக்கிறாள்.

"நல்லாத் தின்னு வளர்ந்த உதடு," என்றாள். சொன்னதாகத்தான் நினைத்தாள். சத்தம் வரவில்லை.

எண்ணெய் நெடியோடு இன்னொரு வாடை. யாரோ வாயைத் திறந்து மூச்சு விட்ட வாடை. வெள்ளைப் பொட்டு இடம் மாறியிருந்தது. விரலால் தொட்டாள். ஈரம். வெதுவெதுப்பு.

குச்சியைப் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினாள். வெளியே காவலரின் காலடி.

"ஏம்மா, மணி அஞ்சாச்சு. திறக்கட்டுமா? பஸ் ஸ்டாண்டுல என் பொண்டாட்டி என்னைத் திட்டியே தொண்டை வத்திப்போயிருப்பா."

வாயைத் திறந்தாள். காய்ந்த தொண்டையில் காற்று உரசியது. அவ்வளவுதான். இரண்டு கையாலும் கதவை அறைந்தாள்.

"என்னம்மா சத்தம்?"

"சட்டத்துக்கு ஆணி அடிக்கிறேன், அண்ணே." அவள் குரல். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து. "கொஞ்சம் வேலை பாக்கி. ஆபீசர்கிட்டயும் சாவி இருக்கு, அவர் வந்து திறந்துவிடுறேன்னாரு. நீங்க அண்ணிகிட்ட ஓடுங்க."

"புண்ணியமாப் போகும்மா!"

அறைந்தாள். இன்னும் அறைந்தாள்.

"பாத்தும்மா, விரல்ல அடிச்சுக்காத."

காலடி தேய்ந்தது. எங்கோ கீழே வாசல் கதவும் பூட்டப்பட்டது.

திரும்பினாள். உதடு பிரிந்திருந்தது. அதன் ஓரத்திலிருந்து எச்சில் வழிந்து, தாடையைத் துலக்கி, கழுத்தின் புகையழுக்கை வெளுத்து, மெல்ல மடிக்கு இறங்கியது.

மடியில் அவள் இன்னும் துடைக்காத கை.

ஈரம் தொட்டது.

சுண்டுவிரல் மடங்கியது.