கறுத்துப்போன சிவப்புக் கோடுகள்

“சிவப்பு காணாமப் போகுதுங்க,” என்றாள் வந்தவள்.

கொழுந்தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். பெட்டிகள் காணாமல் போய்ப் பலர் அண்ணியிடம் வந்திருக்கிறார்கள். நிறம் காணாமல் போனதாக யாரும் வந்ததில்லை.

அண்ணி விமான நிலையச் சரக்குப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் காகிதம் சரிபார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும், திருப்பி அனுப்பப்பட்ட காகிதங்கள் அவள் வீட்டைத் தேடி வந்தன. கூடவே கொழுந்தனும் வந்தான். அவன் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். பாலிசி எடுக்க ஆள் கிடைக்காத நாட்களில் துப்பறிவான். பெரும்பாலும் துப்பறிந்துகொண்டிருந்தான்.

வந்தவள் ஒரு பேட்டரித் தொழிற்சாலையின் குமாஸ்தா. மூன்று தாள்களை மேசைமேல் வைத்தாள்.

“லித்தியம் பேட்டரி விமானத்துல போகணும்னா ஆபத்துச் சரக்குன்னு உறுதிமொழிப் படிவம் தரணும். அதுல ரெண்டு ஓரத்துலயும் சாய்கோடு சிவப்பா இருக்கணும். நான் கலர் பிரிண்டர்லதான் எடுக்கறேன். சிவப்பாத்தான் வருது. நீல மையில கையெழுத்துப் போடறேன். ஏர்போர்ட் கவுண்டருக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் கறுப்பு. மூணு தடவை திருப்பிட்டாங்க.”

“மத்ததெல்லாம்?”

“சோதனைச் சான்று, லேபிள் எல்லாம் சரி. சார்ஜும் முப்பது சதவீதத்துக்கு மேல இல்ல. நான் கலர் மையை மிச்சம் பிடிக்கறேன்னு மேனேஜர் நினைக்கறார். இன்னைக்கு நாலாவது தடவை. இதுவும் திரும்பினா நாளைக்கு வரவேண்டாம்னுட்டார்.” குரலைத் தாழ்த்தினாள். “வீட்டுல நான் ஒருத்திதாங்க சம்பாதிக்கறேன்.”

“வெயில்ல சாயம் வெளுத்திருக்கும் அண்ணி,” என்றான் கொழுந்தன்.

“வெளுத்தா வெள்ளையாகும் தம்பி. இது கறுத்திருக்கு.”

அண்ணி தன் மேசையிலிருந்து ஒரு சாதாரண வெள்ளைத் தாளை எடுத்து அந்தத் தாள்களோடு சேர்த்துப் பிடித்தாள். அவை அதைவிட ஒரு விரற்கடை கூடுதல் நீளமாக இருந்தன.

“உங்க ஆபீஸ்ல இந்த நீளத்துல காகிதம் உண்டா?”

“இல்லைங்க. எல்லாம் சின்னதுதான்.”

அடுத்து, தாளின் நடுவில் தெரிந்த மெல்லிய சாம்பல் நிறச் சிலுவைக் கோட்டைக் காட்டினாள். நான்காக மடித்த தடம். கொழுந்தன் தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. மடிப்பு கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தட்டுப்படவில்லை. ‘பேய் மடிப்பு’ என்று குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டுக்கொண்டான்.

“இந்தத் தொல்லை எப்ப ஆரம்பிச்சுது?”

“பேட்டரி அனுப்ப ஆரம்பிச்சதிலிருந்துதாங்க. போன மாசம் வரைக்கும் சார்ஜர் மட்டும்தான். அதுக்கு நகலே போதும்.”

“சரி, கிளம்பலாம்,” என்று அண்ணி செருப்பை மாட்டினாள்.

தொழிற்சாலை அலுவலகத்தில் முதலில் கண்ணில் பட்டது சுவரில் ஒட்டிய அறிவிப்பு. ‘அசலைத் தொலைப்பவர் வேலையைத் தொலைப்பார். – மேனேஜர்.’ போன வருடம் ஏதோ ஓர் அசல் பத்திரம் தொலைந்துபோய், ஓட்டுநரை எல்லோர் முன்னாலும் மேனேஜர் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். மறுநாளே ஒட்டியதாம்.

குமாஸ்தாவின் கையிலிருந்து படிவ உறை மேனேஜருக்குப் போகும். அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் காவலாளியிடம் தருவார். காவலாளி பதிவேட்டில் நேரம் எழுதி ஓட்டுநரிடம் தருவார். இன்றைய உறையும் அந்த வழியே போய் ஓட்டுநரிடம் சேர்ந்திருந்தது. வேன் வாசலில் நின்றது. ஓட்டுநர் பெட்டிகளைக் கட்டிய கயிற்றை இழுத்துப் பார்த்தார். இரண்டாவது கயிறும் கட்டினார். பூட்டினார். பூட்டை ஆட்டிப் பார்த்தார். நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி ஆட்டினார்.

கொழுந்தன் காவலாளியை மடக்கினான். “உண்மையைச் சொல்லுங்க. போட்டிக் கம்பெனி எவ்வளவு கொடுத்தான்?”

“யாரு குடுத்தா? இங்கேயே ரெண்டு மாசமா தரல,” என்றார் காவலாளி.

அண்ணி பதிவேட்டைப் புரட்டினாள். மூன்று முறையும் வேன் பதினோரு மணிக்குக் கிளம்பியிருந்தது. திருப்பி அனுப்பிய சீட்டுகளில் கவுண்டரில் டோக்கன் எடுத்த நேரம் பதினொன்று ஐம்பது.

“இங்கேருந்து கவுண்டருக்கு எவ்வளவு நேரம்?”

“இருபது நிமிஷம்,” என்றார் காவலாளி. “டிராஃபிக்குங்க,” என்றார் ஓட்டுநர், யாரும் கேட்காமலே.

எல்லோரையும் மேனேஜர் அறைக்கு வரச் சொன்னாள் அண்ணி. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நிறம் எங்கேயும் போகல. இந்த மூணும் நகல். அதான் கோடும் கறுப்பு, கையெழுத்தும் கறுப்பு. எடுத்தது வெளிக்கடையில. இந்த நீளக் காகிதம் இங்கே இல்ல. மேனேஜர் சார், நீங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கறதில்ல, காவலாளி கேட்டை விட்டு நகர்றதில்ல.”

“அப்ப இது சதி,” என்றான் கொழுந்தன்.

“சதி பண்றவன் கிழிச்சுப் போடுவான். இவர் கோணாம, ஓரம் வெட்டாம நகல் எடுத்திருக்கார். அதுக்கு முன்னாடி அசலை நாலா மடிச்சு வெச்சிருந்தார். மடிப்போட நிழல் நகல்ல விழுந்திருக்கு. உறைக்குள்ள விரிச்சு வெச்ச காகிதத்தை யார் மடிப்பா? உடம்போட வெச்சுக்கணும்னு நினைக்கறவர் மடிப்பார்.” ஓட்டுநரைப் பார்த்தாள். “அந்த உறையைத் திறங்கண்ணே.”

ஓட்டுநர் திறந்தார். உள்ளே சோதனைச் சான்று இருந்தது. படிவம் இல்லை.

“சட்டைப் பையில இருக்கறதை எடுங்க.”

பிளாஸ்டிக் பைக்குள் பிளாஸ்டிக் பை, அதற்குள் நான்காக மடித்த இரண்டு தாள்கள். பிரித்ததும் இரு ஓரத்திலும் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. குமாஸ்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“அசல் தொலைஞ்சா வேலை போயிடும்னு எழுதியிருக்கே சார்,” என்றார் ஓட்டுநர். “கவுண்டர்ல நகலைக் குடுத்துட்டு அசலைப் பத்திரமா வெச்சுடுவேன். ஒரு வருஷமா ஒரு குறையும் இல்ல.”

“கவுண்டர்ல கேட்கலையா?” என்றாள் குமாஸ்தா.

“என்கிட்ட ஒண்ணும் கேட்கலம்மா. சீட்டை ஒட்டித் திருப்பிக் குடுத்தாங்க. படிக்கறது உங்க வேலைன்னு விட்டுட்டேன். நிறத்துக்காகத் திருப்புவாங்கன்னு யாரு கண்டா.”

“ஒரு வருஷத்து அசலா? எங்கேய்யா?” மேனேஜரின் குரல் கீச்சென்று வந்தது.

“வீட்டு பீரோவுல. சேலைக்கு நடுவுல. மடிப்பு இருந்தா உங்களுக்குப் பிடிக்காதேன்னு வீட்டுக்காரி எல்லாத்துக்கும் இஸ்திரி போட்டு வெச்சிருக்கா.”

மேனேஜர் சுவரைப் பார்த்தார். குமாஸ்தா அவரைப் பார்த்தாள்.

“நாளைக்கு வரணுமா சார்?”

“முதல்ல சரக்கு ஏறட்டும்,” என்று மேனேஜர் முனகினார்.

“மடிப்புக்காகத் திருப்ப மாட்டாங்க,” என்று அண்ணி படிவத்தை ஓட்டுநரிடம் கொடுத்தாள். “நேராப் போங்க. இதைத்தான் குடுக்கணும். வழியில எங்கேயும் நிக்காதீங்க.”

வேன் போனது. மேனேஜர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். அரை மணி கழித்துத் தொலைபேசி அடித்தது. குமாஸ்தா எடுத்தாள். முகம் வெளுத்தது. ரிசீவரை அண்ணியிடம் நீட்டினாள்.

“அம்மா, மோசம் போயிட்டேன்,” என்ற ஓட்டுநரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. “பெட்டியை உள்ளே ஏத்திட்டாங்க. ஆனா அசல் ரெண்டையும் அவங்களே எடுத்துக்கிட்டாங்கம்மா. ஒண்ணு இங்கேயே இருக்குமாம், ஒண்ணு விமானத்துல போகுமாம். கெஞ்சிப் பார்த்துட்டேன், தரமாட்டேங்கறாங்க. மேனேஜர்கிட்ட நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்.”

அண்ணி மேனேஜரிடம் திரும்பினாள்.

“அசலைத் தொலைச்சுட்டாராம்.”

மேனேஜர் முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்தார்.

“ஒன்பது மணிக்கு வந்துடும்மா,” என்றார் குமாஸ்தாவிடம்.