துண்டு போட்ட பயிற்சியாளர்

செத்து இருபத்திரண்டு வருஷம் கழித்து, சவரிமுத்து மாஸ்டர் மறுபடியும் புளியந்தோப்பு செவ்வணி கால்பந்து கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்தார். அதே தொப்பை, அதே தோள் துண்டு, அதே கரகரத்த குரல். பழைய ரசிகர்கள் நாலாயிரம் பேர் ஆளுக்கொரு மணிநேரம் நினைவுத்தொப்பி மாட்டிக்கொண்டு, மாஸ்டரைப் பற்றித் தங்களுக்கு ஞாபகம் இருந்ததையெல்லாம் கொடுத்தார்கள். அதை உருக்கி வார்த்த இயந்திரம் இது. இன்றைய சோதனை ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் கை தூக்கி முடிவு சொல்ல வேண்டும். அணியோ லீகில் கடைசி இடம். ஆள் சரியில்லை என்றால் அடுத்த வருஷம் கிளப்பே இருக்காது.

சோதனை ஆட்டத்தில் பழைய ஆட்டக்காரர் ஒருவரை மாற்று வீரராக உட்கார வைப்பது கிளப் வழக்கம். ஒரு மரியாதைக்குத்தான். இந்த முறை எத்திராசு. வயது ஐம்பத்தெட்டு. பதினொரு வருஷம் அதே பெஞ்சில் உட்கார்ந்து தேய்த்த மனிதர். கடைசி இறுதியாட்டத்தில் "ரெடியா இரு" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வேறொருவனை இறக்கினார். அது ஏன் என்று கேட்கத் துணிவு வருவதற்குள் மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். முப்பது வருஷமாக நெஞ்சில் முள்.

ஆட்டத்துக்கு முன்னால் கேட்டேவிட்டார். "மாஸ்டர், அன்னிக்கு ஏன் என்னை எறக்கல?"

இயந்திரம் துண்டை உதறியது. "அதான் எங்களுக்கும் புரியல எத்திராசு. நீதான் எறங்குவன்னு எல்லாரும் எழுந்து நின்னுட்டோம்."

எத்திராசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து நின்னுட்டோமா?

இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியாயிற்று. காலரி கொதித்தது. "மாத்து! கோச்சை மாத்து!" கோட்டருகே நின்ற இயந்திரம் துண்டைச் சுழற்றி, எல்லோரையும்விட உரக்கக் கத்தியது: "மாத்து! கோச்சை மாத்து!"



"இன்னாண்ணே இது, தன்னையே திட்டிக்குது?" என்றாள் ரசிகர் மன்றத் தலைவி குளோரி, வேலிக்கு அந்தப்புறமிருந்து.

"மாஸ்டர் மண்டைக்குள்ள நம்மள்ல எவன் போய்ப் பாத்தான் குளோரி? காலரியில குந்திக்கினு பாத்ததத்தான குடுத்தீங்க? அங்க நிக்கிறது மாஸ்டர் இல்லம்மா. நீங்கதான்" என்றார் எத்திராசு, பெஞ்சிலிருந்தபடி.

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்தது. காரணம் தெரிந்த ஒரே மண்டை மண்ணுக்குள் போய்விட்டது. இனி யாரைக் கேட்பது?

இயந்திரம் திரும்பியது. "எத்திராசு, ட்ராக் சூட்டைக் கழட்டு."

"ஐயோ, முட்டி போயிடும்ணே!" என்று குளோரி அலறியது யார் காதிலும் விழவில்லை. நாலாயிரம் பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். அன்றைக்கும் இப்படித்தான் நின்றிருக்கிறார்கள், தனக்காக. பெஞ்சில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுததில் எத்திராசுதான் அதைப் பார்க்கவில்லை. அடப்பாவி, முப்பது வருஷம்!

நொண்டி நொண்டி உள்ளே போனார். பந்து ஒரே ஒரு முறை காலில் பட்டது. செவ்வணி ஏழு கோல் வாங்கியது.

சாயங்காலம், இவர் வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். இந்தப் பயிற்சியாளர் வந்தால் கிளப் மிஞ்சாது என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். நாலாயிரம் கையும் மேலே போயின. முதலில் போனது எத்திராசின் கை.